கருணாகரனின் லேகியம்

போன் அலறியது.

பாண்டி பஜாருக்குப் பின்னால் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சுப்பராமன், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ரிஸீவரை எடுத்தார்.

"டாக்டர், பங்கஜம் பேசுறேன். அவுகளுக்குக் காலையிலேருந்து ஒண்ணுக்கே போகல. வலியில துடிக்காக. உடனே வாங்க."

பங்கஜத்தின் புருஷன் ஜவுளிக்கடை கருணாகரன். அறுபதை நெருங்கும் ஆசாமி. போன மாசம்தான் கிளினிக்குக்கு வந்திருந்தார். ராத்திரியெல்லாம் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, நூல் மாதிரி வருகிறது, போய்விட்டு வந்தாலும் மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது என்றார்.

ப்ராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம், தொட்டுப் பார்த்துவிடுவோம் என்று டாக்டர் ரப்பர் கையுறையை மாட்டியதுதான் தாமதம்... ஆசாமி எடுத்தார் ஓட்டம்!

ஊருக்கே வேட்டி விற்பவருக்குத் தன் வேட்டியை அவிழ்க்க வெட்கம்.

அந்த வெட்கம்தான் இன்றைக்குக் கட்டிலில் புரள்கிறது என்று நினைத்தபடி டாக்டர் காரைக் கிளப்பினார்.

தப்பு.

அடிவயிறு பானையாக உப்பியிருந்தது. டாக்டர் மெல்லிய ரப்பர் குழாயைச் செலுத்தினார். பேசின் நிரம்பியது... வயிறு இறங்கியது. இதற்குப் பிறகு மனிதன் அசந்து தூங்க வேண்டும்.

கருணாகரன் தூங்கவில்லை!

காற்றில் எதையோ பிடித்து இழுத்தார். உடம்பு கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. நாக்கு காய்ந்து கிடந்தது. டாக்டர் கண்ணில் டார்ச் அடித்தார். கண்மணி அகல விரிந்தது விரிந்தபடியே நின்றது.

ப்ராஸ்டேட் வீங்கினால் மூத்திரம் நிற்கும்... கண்மணி எதற்கு விரிகிறது?

ஊமத்தை விஷம்!

அந்த நேரத்தில் கருணாகரன் சுவரைப் பார்த்துக் கெஞ்ச ஆரம்பித்தார்.

"வைரவா... மேல வராதலே. கே.கே. நகர் கிணத்தத்தான் மூடியாச்சே. மண்ணுக்குள்ளயே கெட."

வைரவன், பங்கஜத்தின் ஒரே தம்பி. கடையில் கூட்டாளி. மூன்று வருஷமாக ஆளைக் காணோம். பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று சொல்லிச் சொல்லியே கருணாகரன் ஊரை நம்ப வைத்திருந்தார்.

டாக்டர் போலீசுக்குப் போன் செய்தார். கருணாகரனை ஆம்புலன்ஸில் ஏற்றி, ஊமத்தை என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் பொன்னுரங்கத்திடமிருந்து தகவல் வந்தது. கருணாகரனின் கே.கே. நகர் மனையில் தூர்த்த கிணற்றைத் தோண்டிவிட்டார்கள். எலும்புக்கூடு... மணிக்கட்டில் வைரவனின் வாட்ச்.

டாக்டர் வீட்டுக்கே போய்ச் சொன்னதும் பங்கஜம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள் ஒரு தகர டப்பாவோடு வந்தாள்.

"இது அவுக லேகியம் டாக்டர். உங்ககிட்ட வெக்கப்பட்டு ஓடி வந்து, மூத்திரக் கோளாறுக்குன்னு நடைபாதையில வாங்கினது. பீரோவுல வேட்டிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுத் தின்னாக. ஊமத்தை விதையக் கலந்தது நான்தான்."

புருஷன்மேல் எப்படிச் சந்தேகம் வந்தது என்று டாக்டர் கேட்டார்.

"தம்பி காணாமப் போன நாள்லேருந்து, எனக்கு மொத கவளம் ஊட்டாம அவுக சாப்பிட்டதே இல்ல. என்ன அன்யோன்யம்னு ஊரே மெச்சுச்சு." அவள் உதடு கோணியது. "நான் விஷம் வெச்சிருப்பேனோன்னு பயம் டாக்டர். எந்தத் தப்பும் பண்ணாதவனுக்குப் பெண்டாட்டி சோத்துல என்ன பயம்? இந்த லேகியத்த மட்டுந்தான் எனக்கு ஊட்டல. ஊமத்தை தின்னவன் உள்ள இருக்கிறத உளறுவான்னு எங்க ஊர்ல சொல்லுவாக."

டப்பாவை டாக்டர் கையில் வைத்தாள். இதையும் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிடுங்கள், ஜெயிலுக்குப் போகத் தயார் என்றாள்.

டாக்டருக்குக் கோபம் வந்தது.

"ஒரு மணி நேரம் தாமதமாயிருந்தா அந்த ஆள் செத்திருப்பார்மா!"

"சாகக் கூடாதுன்னுதானே டாக்டர், உங்களக் கூப்பிட்டேன்?" பங்கஜம் நிதானமாகச் சொன்னாள். "தூக்குல போடறதுக்கு ஆள் நல்லா இருக்கணுமில்ல!"