ஒன்பதாம் நாள் உரிந்த பூச்சு

1966 ஜூன் 14, செவ்வாய். காலை 6.40.

ஆலங்குடி முந்திரி ஆலையில், கொட்டை வறுக்கும் உலைக்கு முன்னால் திருப்பதி பிணமாகக் கிடந்தான். சப்-இன்ஸ்பெக்டர் சேவுகன் குனிந்து முகத்தைப் பார்த்தார். போன வாரம்தான் தன் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனவன்! உலைக் கதவின் நடுவில் தகடு ஓட்டையாகி, கொட்டையெண்ணெய்த் தீ அவன்மேல் பாய்ந்திருந்தது.

"கொன்னுட்டான்யா!" ஆலை முதலாளி முத்துராமன் மார்பில் அறைந்துகொண்டார். திருப்பதி அவருக்கு ஒரே தம்பி. "கதவுக்குச் சூடு தாங்குற பூச்சு அடிக்கிறேன், ஒரு வருசத்துக்கு அசையாதுன்னான் திருச்சிக்காரன். ஒம்பதே நாள்! பொடியில சுண்ணாம்பைக் கலந்துட்டான். அவனத் தூக்குல போடுங்க!"

பூச்சுக்காரன் ஞானமணி சுவரோரம் ஒண்டி நின்றான். வெளியே கூடியிருந்தவர்கள் கையில் கம்பு இருந்தது. விட்டால் அவனை அங்கேயே தீர்த்துவிடுவார்கள்.

7.15.

"கலப்படமா?"

"இல்லீங்கய்யா! சுத்தமான பீங்கான் பொடி. கேஸ் துப்பாக்கியில உருக்கிப் பீச்சினேன். நீங்களே சுரண்டிப் பாருங்க."

சேவுகன் உளியை வைத்துத் தட்டினார். கதவின் ஓரங்களில் பூச்சு இம்மி அசையவில்லை. உரிந்தது நடுவில் மட்டும். கலப்படமென்றால் முழுக்கவல்லவா உதிர வேண்டும்?

"பீச்சுறதுக்கு முன்னாடி?"

"மணலை வீசியடிச்சுத் தகட்டச் சொரசொரப்பாக்கினேன். அதுக்கப்பறம் ஒருத்தரும் தொடக்கூடாதுங்க. தூசி பட்டாலே பூச்சு பிடிக்காது."

"ஒடனே பீச்சினியா?"

"சாப்பிட்டு வந்துதாங்க. ஆலையப் பூட்டிட்டுத்தான் போனேன். இன்னொரு சாவி முதலாளிகிட்ட."

8.00.

சேவுகன் தரையில் கிடந்த பூச்சுச் சில்லுகளைப் பொறுக்கிப் புரட்டினார். சிலவற்றின் முதுகில் மட்டும் மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ஊதினால் பறந்தது. பழைய பேப்பரில் உடைந்த ஓரங்களைச் சேர்த்து அடுக்கினார். மாவுத் தடம் மூன்று கோடுகளாகச் சேர்ந்தது. தலைநிமிர்ந்து தராசைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். கடைசியில் முத்துராமனின் நெற்றியைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே மூன்று கோடுகள்.

"பூச்சு அடிச்ச அன்னிக்கு மத்தியானம் உள்ள வந்தீங்களா?"

"வந்தேன். ஏன்?"

"வந்து என்ன செஞ்சீங்க?"

"புதுச் சாமானுக்குச் செய்யிறதுதான். திருநீறு கொழைச்சுக் கதவு நடுவுல பட்டை போட்டேன். தம்பி நிக்கிற எடமாச்சே, அவனுக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுன்னு..."

சேவுகன் பேப்பரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பூச்சு இரும்பப் பிடிக்கலைங்க, சாம்பலத்தான் பிடிச்சிருக்கு. சூடு ஏற ஏறக் கழண்டு விழுந்துச்சு. வெறுந்தகடு வெந்து ஓட்டையாச்சு. கறுப்புக் கண்ணாடி போட்டுப் பீச்சுறவனுக்கு, வெளுத்த தகட்டுல வெளுத்த சாம்பல் எப்படிங்க தெரியும்? ஞானமணி மேல குத்தமில்ல."

வெளியே கம்புகள் கீழே இறங்கின. முத்துராமன் தம் வலக்கையில் பட்டை போட்ட மூன்று விரல்களையும் வெறித்துப் பார்த்தார்.

"அப்ப எந்தம்பிய... யாரு சார்?"

சேவுகன் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்கதாங்க."