கழித்ததை வைத்த கதிரை

கதிரையில் யாரும் இருக்கவில்லை. ஆனாலும் யாரோ ஒரு பக்கத்துத் தொடை மரத்துப்போய் மறு பக்கம் சாய்ந்து உட்கார்ந்ததுபோல அது ஒரு தரம் மெல்ல முனகியது.

டொக்டர் பாலேந்திரா திரும்பிப் பார்த்தார். சிகிச்சை அறையின் மூலையில், சுவரோடு ஒட்டிப் போட்டிருந்த பச்சை ரெக்சின் கதிரை அது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை விரைவாக வீட்டுக்கு அனுப்புவதற்கென்றே மருத்துவமனைகள் தேடிப் பிடித்து வாங்குகிற வகை. கட்டிலில் கிடந்த கத்தரின் அம்மையார் வாயைத் திறந்தபடி புன்னகைத்துக்கொண்டிருந்தார். நிலவறையின் சூட்டுக் குழாய்க்குள் தண்ணீர் எங்கோ விக்கியது. தரைக்குப் பூசிய மெழுகின் மணமும், மேல்மாடிச் சமையலறையில் காலையிலிருந்து அவிந்துகொண்டிருக்கிற முட்டைக்கோவாவின் மணமும் சேர்ந்து, சின்ன யன்னலுக்கு வெளியே மத்தியானம் கழிந்த கையோடு இருட்டிவிட்ட லண்டன் டிசம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றன.

குழாய்ச் சத்தம்தான் என்று பாலேந்திரா தீர்மானித்தார். தீர்மானிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

தொண்ணூற்றோராம் ஆண்டு அது. வலி ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் பேராசிரியர் பீற்றர், இந்தியாவில் மூன்று கிழமை நின்று வயிற்றோட்டத்தோடும் ஞானத்தோடும் திரும்பியவர். மனதுக்கு மாயக் காட்சி காட்டும் மருந்தையும் தியானத்தையும் சேர்த்துக் கொடுத்தால் தீராத வலி தீரும் என்பது அவர் கொண்டுவந்த ஞானம். மாயக் காட்சி மருந்துகளில் சட்டம் விட்டுவைத்திருந்தது கெட்டமின் ஒன்றைத்தான். குதிரைக்கு ஏற்றுகிற அந்த மருந்தைக் குதிரைக்குப் போதாத அளவில் மனிதருக்கு ஏற்றினால் மனம் உடம்பிலிருந்து கழன்று தொங்கும். கழன்றதை எங்கே கொண்டுபோவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு கிழக்கத்தியர் தேவைப்பட்டார். பீற்றர் பிரிவைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பார்வை பாலேந்திராவின் நிறத்தில் வந்து நின்றது.

பாலேந்திரா தன் வாழ்நாளில் கண்ணை மூடிச் செய்த ஒரே காரியம் நித்திரை. அதைச் சொல்லி நல்ல பதவியைக் கெடுக்க அவர் முட்டாள் அல்ல. ஒரு இரவு யோசித்தார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா செத்தல் மிளகாயையும் உப்பையும் கைக்குள் பொத்தி, தலை முதல் கால் வரை மூன்று தரம் சுற்றி நாவூறு கழிப்பது நினைவில் வந்தது. அதையே தியானமாக்கினார். கண்ணை மூடு, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேடு, கிடைப்பதைக் கைக்குள் பொத்தி எடு, மூன்று தரம் சுற்று. கழித்ததை அம்மா அடுப்பில் போட்டு எரிப்பார். மருத்துவமனையில் புகை வந்தால் அலாரம் அடிக்கும், தீயணைப்புப் படை வரும். ஆகவே பாலேந்திரா அந்தக் கடைசிக் கட்டத்தை வெட்டிவிட்டு, "மூலையில் இருக்கிற கதிரையில் இறக்கி வையுங்கள்" என்று முடித்தார். எல்லாவற்றையும் தன் குரலில் ஒலிநாடாவில் பதிந்தார். வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில், மற்றவருக்குத் தமிழில். இரண்டாயிரம் வருடப் பழமை என்று பீற்றர் கண் கலங்கினார்.

வேலை செய்தது. அதுதான் வேடிக்கை. எட்டு நோயாளிகள், ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து கிடந்து கழித்துவிட்டு, வாற திங்கள்வரை நோவில்லாமல் போனார்கள்.

பாலேந்திராவுக்கு அவர்கள்மேல் இருந்த இளக்காரம் இதனால் கூடியதே தவிரக் குறையவில்லை. அவருக்குத் தலையிடி என்றால் என்னவென்று தெரியாது. பல் பிடுங்கிய அன்று பகல் சாப்பாட்டுக்கு இறைச்சி கேட்டவர். நோவு என்பது நெஞ்சுரம் இல்லாதவர்கள் போடுகிற சத்தம் என்பதே அவர் கட்சி. இப்போது ஒரு கதிரையைக் காட்டியவுடன் அந்தச் சத்தம் நின்றுவிட்டதென்றால், அது வேறென்ன?

எட்டுப் பேரில் தமிழர் ஒருவர்தான். மன்னார் யாக்கோப்பு, மோர்டனில் பெற்றோல் நிலையமொன்றில் வேலை. ஊரில் இராணுவ முகாமொன்றில் வைத்து மணல் நிரப்பிய குழாயால் அடித்த அடி முதுகில் தங்கிவிட்டது.

"அது நடந்து ஏழெட்டு வருஷமாச்சு. இன்னும் நோகுதெண்டு சொல்ல உமக்கு வெக்கமில்லையோ?" என்று பாலேந்திரா முதல் நாளே கேட்டார்.

"அடிச்சவனுக்கு மறந்திருக்கும் டொக்டர் ஐயா. முதுகுக்கு அந்த வசதி இல்லை," என்றார் யாக்கோப்பு.

கதிரை முனகிய அன்று பின்னேரம், கத்தரின் அம்மையாருக்குப் பிறகு யாக்கோப்பின் முறை. முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு இளைஞனைப் போல எழுந்து நடந்தார். கதிரைக்கு முன்னால் வந்ததும் ஒரு காலைத் தூக்கி, பிறகு மறு காலைத் தூக்கி, கவனமாக எதையோ தாண்டிப் போனார்.

"என்னத்தைத் தாண்டுறீர்?"

"காலை நீட்டிக்கொண்டெல்லோ இருக்குது டொக்டர். மிதிச்சால் பாவம்."

பாலேந்திரா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கத்தரின் அம்மையாரும் அப்படித்தான் போனார். அந்த இடத்தில் ஒதுங்கி, கதிரையிடம் மன்னிப்பும் கேட்டார். ஆங்கிலேயர்கள் கதவிடமும் மன்னிப்புக் கேட்கிற சாதி என்பதால் அவர் அதைக் கணக்கிலெடுக்கவில்லை. இப்போது யோசித்தால், எட்டுப் பேருமே அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒரே இடம். ஒரே உயரம்.

இல்ஃபோர்ட் வீட்டில், சாப்பாட்டு மேசையில், மனைவி கோதைக்கு இதை ஒரு பகிடியாகச் சொன்னார். கவுன்சிலில் வேலை செய்கிற கோதை, ஊர்ப்பட்ட முறைப்பாடுகளைக் கேட்டுக் கேட்டு எதற்கும் அதிராதவள்.

"இஞ்சேருங்கோ, அப்ப நீங்கள் எட்டுப் பேருக்கு நாவூறு கழிச்சுப்போட்டு எரிக்காமல் வைச்சிருக்கிறியள்?"

"அலாரம் அடிக்கும் எண்டு சொன்னனெல்லோ."

"குப்பையையாவது வெளியிலை வையுங்கோவன். கிழமைக்கொருக்காக் கவுன்சில் லொறி வரும்." அவள் தன் பகிடிக்குத் தானே சிரித்துப் புரையேறினாள்.

"நீர் சாப்பிடும்," என்றார் பாலேந்திரா.

அடுத்த நாள் அறையில் யாரும் இல்லாத வேளை பார்த்து உள்ளே போனார். கதிரையின் இருக்கையில் ஒரு பள்ளம் இருந்தது. பழைய ரெக்சின் பள்ளம் விழும், அதில் அதிசயமில்லை. உள்ளங்கையை வைத்தார். சூடு. நித்திரையால் எழும்பிப் போனவரின் மெத்தையில் இருக்கிற, கொஞ்சம் ஈரம் கலந்த சூடு. கையை எடுத்தார். பள்ளம் மெல்ல நிரம்பி மேலே வந்தது. அவர் மூச்சுவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே, அவசரம் எதுவுமில்லாமல், அது மறுபடி கீழே இறங்கியது.

கதிரையை எறிந்துவிடலாம் என்று பீற்றரிடம் சொன்னார். பீற்றர் பதறினார். ஆராய்ச்சி முடியும்வரை அறையில் ஓர் ஆணியைக்கூட மாற்றக்கூடாது. மாற்றினால் எது குணப்படுத்தியது என்று எப்படிச் சொல்வது? பிறகு அவர் முகம் மலர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோவே இல்லாத ஒருவர் வேண்டுமே. வெள்ளிக்கிழமை பாலேந்திராவே படுத்தால் என்ன?

முடியாது என்று சொல்ல வாய் திறந்தார். சொன்னால், ஒரு ரெக்சின் கதிரைக்குப் பயந்த ஆள் ஆகிவிடுவார். நோயாளிகள் மருந்து மயக்கத்தில் அங்கே எதையோ பார்க்கிறார்கள். அதே மருந்தில் தானும் பார்த்து, அங்கே எதுவுமில்லை என்று கண்டுவிட்டால், பயம் அதோடு முடிந்தது. அங்கே ஏதாவது இருந்தால்? அந்தக் கேள்வியை அவர் தனக்குத் தகாத கேள்வி என்று ஒதுக்கினார்.

"ஓம்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து கோதை காரோடு வருவாள். இருவருமாக வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. மெல்லிய மழை யன்னலில் நகத்தால் கீறுவதுபோல விழுந்துகொண்டிருந்தது. தமிழ்த் தாதி டொலறஸ் அவர் கையில் நரம்பு தேடினாள்.

"வியர்க்குது டொக்டர்."

"சூட்டுக் குழாய், சிஸ்டர்."

"குழாய் காலையிலை இருந்து வேலை செய்யேல்லை," என்றாள் அவள், ஊசியை ஏற்றியபடி. விளக்கைக் குறைத்தாள். தமிழ் ஒலிநாடாவைத் தட்டிவிட்டாள். கதவு சாத்தியது.

மருந்து காலிலிருந்து ஏறியது. கால் தூரமாய்ப் போனது. முழங்கால் யாருடையதோ ஆனது. கட்டில் நிலவறையை விட்டு ஆறுதலாக ஒரு கரிய வாய்க்காலில் மிதந்தது. தன் குரலே தனக்குக் கேட்டது. அந்தக் குரலில் இருந்த பரிவு அவருக்கே சிரிப்பை மூட்டியது.

"உச்சந்தலையில் தொடங்குங்கள். தேடுங்கள்."

தேடினார். நெற்றி, கழுத்து, நெஞ்சு, வயிறு. துடைத்து வைத்த பீங்கான் போல எல்லாம் வெறுமை. ஒரு நோவும் இல்லை. பெருமையாக இருந்தது.

"கிடைப்பதைக் கைக்குள் பொத்தி எடுங்கள்."

கிடைக்க எதுவுமில்லை என்று சொல்ல நினைத்தார். ஆனால் கை போய்விட்டது. அந்த வெறுமைக்குள் துழாவியது. அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான். கை அதைப் பொத்தியது.

பொத்திய கைக்குள்ளிருந்து அவர் பார்த்தார்.

"மூன்று தரம் சுற்றுங்கள்."

ஒன்று. கூரை, சுவர், கட்டில்.

இரண்டு. கட்டிலில் தன் முகம்.

வேண்டாம்.

மூன்று.

"கதிரையில் இறக்கி வையுங்கள்."

சூடாக இருந்தது. ஈரமாக. யாரோ ஒருவரின் மடி.

அந்த யாரோ எழும்பியது. எழும்ப நேரமெடுத்தது. பல கைகள்; ஒன்று விலாவைப் பிடித்திருந்தது, ஒன்று தாடையை, ஒன்று முழங்காலை. முதுகு கூனல். அது திங்கட்கிழமைகளில் வருகிற நோயாளிகளைப் போலவே காலை இழுத்து இழுத்து நடந்தது. கட்டிலுக்குப் போனது. கட்டிலில் கிடந்த வெறும் உடம்பின் ஓரத்தில் உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்த ஆளைப் போல ஒரு பெருமூச்சு விட்டது. படுத்தது.

கதிரை முனகவில்லை. அவருக்குப் பாரம் இல்லை.

டொலறஸ் கதவைத் திறந்தாள். "எப்பிடி இருக்குது டொக்டர்?"

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். பாலேந்திராவின் வாய், பாலேந்திராவின் குரல்.

"நோகுது," என்றது.

சிஸ்டர், இங்கே. இங்கே பாரும். வாய் இல்லை. மூச்சு இல்லை. கண் மட்டும். மூட இமையுமில்லை.

கோதை ஈரக் குடையோடு வாசலில் நின்றாள். "என்ன இது, கிழவன் மாதிரிக் கூனிக்கொண்டு? ஐயோ, பிடியுங்கோ என்னை." அவள் கையைக் கொடுத்தாள். அது அவளுடைய கையைப் பிடித்தது; விடமாட்டேன் என்ற பிடி. அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு காருக்கு அழைத்துப் போனாள்.

விளக்கு அணைந்தது.

திங்கட்கிழமை விளக்கு எரிந்தது. பீற்றர் வந்தார், டொலறஸ் வந்தாள், யாக்கோப்பு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"டொக்டர் ஐயா எங்கை பிள்ளை?"

"அவருக்குச் சுகமில்லையாம் அண்ணை. மிஸிஸ் போன் எடுத்து அழுறா. கத்துறாராம். ஒரு குரலிலை இல்லையாம், பல குரலிலையாம். அவவுக்கும் சனிக்கிழமையிலை இருந்து விலாவுக்கை ஏதோ கொழுவிப் பிடிக்குதாம்."

"ஐயோ பாவம். நல்ல மனிசன்," என்றார் யாக்கோப்பு. அவர் அதை உண்மையாகவே சொன்னார்.

பீற்றர், ஒலிநாடா இருக்கும்போது ஆள் எதற்கு என்று தோளைக் குலுக்கினார். ஊசி ஏறியது. வெளிச்சம் குறைந்தது. வராந்தாவின் நீள வாங்கில் மற்ற ஏழு பேரும் உட்கார்ந்து காத்திருப்பது, திறந்த கதவினூடே, செருமலாகவும் கோட்டுச் சரசரப்பாகவும் கேட்டது. டொலறஸ் கதவைச் சாத்தினாள்.

"கிடைப்பதைக் கைக்குள் பொத்தி எடுங்கள்," என்றது பாலேந்திராவின் குரல், பரிவாக.

யாக்கோப்பின் உடம்பு கட்டிலில் கிடந்தது. யாக்கோப்பு எழுந்து வந்தார். இரண்டு கையாலும் எதையோ ஏந்தியிருந்தார்; நிறைந்த கொதிதண்ணீர்ச் சட்டியை ஏந்துகிறவர்போல அடியளந்து, தளும்பாமல். அதற்குள் சப்பாத்துக்கள் இருந்தன. ஒரு சீமெந்துத் தரை இருந்தது. குழாய்க்குள் மணல் நிரப்பும் சத்தம் இருந்தது.

கதிரைக்கு முன்னால் வந்து நின்றவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"டொக்டர் ஐயா? நீங்களோ இதிலை?"

பாலேந்திரா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வைக்கமாட்டன். உங்களிலையோ வைக்கிறது?" யாக்கோப்பு பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருடைய கைகளில் இருந்தது தளும்பத் தொடங்கியிருந்தது.

"கதிரையில் இறக்கி வையுங்கள்," என்றது பாலேந்திராவின் குரல்.

யாக்கோப்பு குனிந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"பாரமாய்க் கிடக்குது ஐயா," என்றார். "கொஞ்சம் பிடியுங்கோ."