கலாவதியின் காட்சி

காரை நிறுத்திக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பின்கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. முன்னால் இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தும் முன்கண்ணாடி பளிச்சென்றிருந்தது.

"பின்னாலை ஆரையும் ஏத்திக்கொண்டு வந்தனீங்களோ அண்ணை?" என்றார் இளையதம்பி.

"உன்ரை கண்ணைத் துடை," என்றார் குலசேகரம்.

பாரிசின் லா சப்பலில், தமிழர் சேலைக்கடைகளுக்குக் கீழே, நிலத்தடிப் பார்க்கிங். மேலே ஞாயிறு பிற்பகல் வெயில். இங்கே எந்நேரமும் இரவு. அமெரிக்காவில் ஒருகாலத்தில் திறந்தவெளியில் கார்களை வரிசையாக நிறுத்தி மலிவான இரத்தப் படங்கள் காட்டுவார்களே, அதைப்போல ஒன்று பாரிசிலும் வேண்டும் என்று அடம்பிடித்தவர் குலசேகரம். 'திகில் திலகம்' என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். கொடுத்த சங்கத்துக்குத் தலைவரும் அவரே. தீ அலாரத்துக்குப் பயந்து குத்துவிளக்கில் பற்றரி பல்ப் எரிந்தது. வெள்ளையடித்த சுவர்தான் திரை. ஒலி அவரவர் கார் ரேடியோவில். கைதட்டல் கேட்காது என்பதால் ஹோர்ன் அடிக்கும்படி ஏற்பாடு.

விழாவையும் அவரே பேசித் தொடக்கி வைத்தார். "பெரிய படங்கள் உங்களைத் திருத்தப் பாக்கும். இந்தப் படங்களுக்கு அந்த வருத்தம் இல்லை. இரத்தம் தக்காளிச் சோஸ் எண்டு தெரியும். பேய் உடுப்பின்ரை முதுகிலை சிப் தெரியும். எண்டாலும் வயித்துக்குள்ளை ஒண்டு புரளும். நாங்கள் கண்ணாடியை ஏத்திப்போட்டு ரோல்ஸ் தின்னுறம், வெளியிலை ஒருத்தி சாகிறாள். அதுதான் சுகம்!"

ஹோர்ன்கள் அலறின. அவர் காருக்குத் திரும்பினார்.

இப்போது ஓடுவது அந்தப் பாணியில் அவரே வெகுகாலத்துக்கு முன் எடுத்த படம். கொலைகாரன் ஒருத்தியைக் கார் டிக்கியில் பூட்டுவான். நடித்தவள் கலாவதி, வன்னியில் இருந்து வந்து, விசா இல்லாமல் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியவள். அவளுக்கு நடிக்கத் தெரியவில்லை. ஆகவே குலசேகரம் உண்மையாகவே பூட்டினார். அவள் தட்டினாள். கத்தினாள். கமெரா பிடித்த இளையதம்பி, "திறப்பமோ அண்ணை?" என்றபோது, கத்தல் நன்றாக வருகிறது என்று குலசேகரம் விரலை உயர்த்தித் தடுத்தார். திறந்தபோது தட்டுவதற்கு அவள் உயிரோடு இருக்கவில்லை. மூச்சு முட்டுகிற தொய்வு வருத்தம் இருந்ததை அவள் சொல்லவில்லை என்று ஊருக்குச் சொன்னார். அவளுக்காகக் கேட்கவும் இங்கே ஒருவரும் இல்லை. படத்துக்கு விருது கிடைத்தது.

"அந்தச் சீனை எண்டாலும் வெட்டியிருக்கலாம்," என்று இளையதம்பி முணுமுணுத்தார்.

"விசரே உனக்கு? ஒரிஜினல் கத்தலடா. போய் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வா."

இளையதம்பி இறங்கிக் கதவைச் சாத்தினார். பூட்டுகள் தாமாக விழுந்தன.

ஈரச் சீமெந்தும் பழைய டயரும் கலந்த மணத்துக்குள், எங்கோ குழாய் சொட்ட, தலைக்கு மேலே மெத்ரோ ரயில் ஓடிய அதிர்வு தூண்கள் வழியாக இறங்கி இருக்கைக்குள் வந்து சேர, ரேடியோவில் கலாவதி தட்டத் தொடங்கினாள். முதலில் ரேடியோவில், பிறகு கதவு ஒலிபெருக்கிகளில், பிறகு, காதைத் தீட்டிக் கேட்டபோது, அவர் முதுகுக்குப் பின்னால், அவருடைய டிக்கிக்குள்.

ரேடியோவை நிறுத்தினார்.

தட்டல் நிற்கவில்லை.

சுவரில் இப்போது டிக்கி திறக்கவேண்டும். திறக்கவில்லை. கறுப்பு மட்டும். அந்தக் கறுப்புக்குள் மெல்ல ஒரு முகம் தெளிந்தது. டிக்கிக்குள் அவர்கள் கமெரா வைத்ததே இல்லை. கலாவதி கத்தவில்லை. அவரைப் பார்த்தாள்.

தட்டல் நின்றது. பின்சீற்று அமுங்கியது.

கதவை இழுத்தார். அசையவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. தொண்டைக்குள் காற்று மெலிந்தது. சுவரில் படம் மாறியது. ஒரு கார். அதற்குள் ஒரு கிழவன். கண்ணாடியில் குத்துகிறான்.

கையெட்டும் தூரத்தில் இளையதம்பி, ரோல்ஸ் பையோடு, காருக்கு முதுகைக் காட்டியபடி சுவரைப் பார்த்து வாய்பிளந்து நின்றார்.

குலசேகரம் ஹோர்னை அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

எல்லாக் கார்களும் பதிலுக்கு ஹோர்ன் அடித்தன. என்ன உற்சாகம்! இப்படி ஒரு வரவேற்பு அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. இளையதம்பி பார்வையை எடுக்காமலே ஒரு ரோலைக் கடித்தார்.

குளிர்ந்த கை ஒன்று மோவாயைப் பிடித்தது. மெதுவாக. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியது.

பார்த்தார்.

சுவர் நிறைய அவர் முகம். நீலம் பாய்ந்த உதடுகள். காதோடு ஒட்டியபடி இன்னொரு வாய், ஆவென்று திறந்து, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது.