முப்பத்துநாலு மில்லிகிராம் சந்தேகம்!

ட்ரிங்... ட்ரிங்...

காலை ஏழே கால். தஞ்சாவூர் கல்லீரல் டாக்டர் அறிவுச்செல்வன் அப்போதுதான் காபி டம்ளரைக் கையில் எடுத்திருந்தார். போன் விடுமா?

மறுமுனையில் லேப் டெக்னீஷியன் நிலோஃபர்.

"சார்... பேராவூரணி அப்துல் ஹமீது ரிப்போர்ட் வந்துடுச்சு. ப்ரீஅல்புமின் முப்பத்துநாலு மில்லிகிராம்! நல்ல செய்திதானே?"

டாக்டருக்குக் காபி கசந்தது.

"நிலோஃபர்... இது ஹமீது ரத்தமே இல்ல!"

"சார்...?!"

"ப்ரீஅல்புமின் கல்லீரல் செய்யற புரதம்மா. அவருக்கு சிரோசிஸ். கல்லீரல் சுருங்கிப் போச்சு. வீடு நெறைய நெல் இருந்தாலும் மில் ஓடலைன்னா அரிசி ஏது? பத்து நாளைக்கு முன்னாடி வெறும் ஏழுதான் இருந்துச்சு!"

"வெளியில அல்புமின் பாட்டில் ஏத்தியிருந்தா?"

"அல்புமின் ஏறும். ப்ரீஅல்புமின் ஏறாது. நேத்து வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்தியே... அவர் முகத்தைப் பாத்தியா?"

நிலோஃபரின் குரல் இறங்கியது.

"இல்ல சார்... தலையோட போர்த்திப் படுத்திருந்தார். கையை மட்டும் நீட்டினார். 'மாமாவுக்குக் குளிருது, பேச்சுக் குடுக்காதீங்க'ன்னு மருமகன் ஃபஹத் சொன்னார்."

"சித்திரை வெயில்ல குளிரா?! கை எப்படி இருந்துச்சு?"

"முரட்டுக் கை சார். உள்ளங்கையெல்லாம் காய்ச்சுக் கிடந்துச்சு. நரம்பு புடைச்சு நின்னுச்சு. ஒரே குத்துல ரத்தம் வந்துடுச்சு..."

ஹமீதின் கையோ வெறும் குச்சி. நரம்பு கிடைக்க நாலு குத்தாவது வேண்டும்.

அப்படியானால் போர்வைக்குள் படுத்திருந்தது யார்? ஹமீது எங்கே? உயிரோடுதான் இருக்கிறாரா?!

அடுத்த பத்தாவது நிமிடம் ஹமீதின் ஒரே மகள் இர்ஃபானா டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குத் தன் கல்லீரலில் பாதியைத் தர வந்தவள். அதற்கான பரிசோதனைகளுக்காக மூன்று நாளாக ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள்.

"அத்தா போனையே எடுக்கலை டாக்டர். கேட்டா, தூங்கறாங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். நான் ஈரல் தரக் கூடாதுன்னு இவர் மொதல்லேர்ந்தே சண்டை..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். கட்டினவனைப் பற்றி நினைக்கக் கூடாததை நினைத்துவிட்ட பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

டாக்டர் வரவழைத்த இன்ஸ்பெக்டர் பிரகதீஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிலோஃபர் பக்கம் திரும்பினார்.

"ரத்தம் உறைஞ்சு போச்சு, மறுபடி எடுக்கணும்னு ஃபஹத்துக்குப் போன் போடும்மா. அதே ஆளு திரும்பவும் படுக்கிறானா பாத்துடலாம்!"

பதினோரு மணி. பேராவூரணி. தென்னந்தோப்புக்குள் ஹமீதின் வீடு.

டாக்டரும் இர்ஃபானாவும் இன்ஸ்பெக்டரோடு ஜீப்பில் மட்டைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, நிலோஃபர் மட்டும் பெட்டியோடு போனாள்.

ஃபஹத் கதவைத் திறந்தான். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க. மாமாவை எழுப்பாதீங்க."

கட்டிலில் அதே போர்வை! நீட்டிய அதே முரட்டுக் கை!

நிலோஃபர் இருமினாள். அதுதான் சிக்னல்.

பிரகதீஸ்வரி பாய்ந்து வந்து போர்வையை உருவினார்!

"அய்யோ சாமி!"

அலறியவர் செல்லதுரை. முப்பது வருஷமாக அந்தத் தோப்பில் தேங்காய் பறிப்பவர். ஹமீதின் சிநேகிதர்.

"ஹமீதை எங்கேடா புதைச்சீங்க?!" இன்ஸ்பெக்டர் கையில் ஃபஹத்தின் சட்டைக் காலர்.

"மேடம்... நான் ஒண்ணும்..."

உள் அறைக் கதவு மெதுவாகத் திறந்தது.

மஞ்சள் கண்கள். உப்பிய வயிறு. குச்சிக் கால்கள். சுவரைப் பிடித்தபடி அப்துல் ஹமீது!

"மருமகனை விடுங்கம்மா. இது என் யோசனை."

"அத்தா!" ஓடி வந்து கட்டிக்கொண்டாள் இர்ஃபானா.

"ரிப்போர்ட் நல்லா வந்தா, ஈரல் மாத்த வேணாம்னு டாக்டர் சொல்லிடுவார்னு நெனச்சேம்மா. பெத்த பிள்ளை வயித்தைக் கிழிச்சு நான் வாழணுமா?"

ஃபஹத் தலையைக் குனிந்துகொண்டான். "உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து நானும் ஒத்துக்கிட்டேன்..."

டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாய்! அது கல்லீரல் சரியாயிடுச்சான்னு பாக்கற டெஸ்ட்னு யார் சொன்னது? ஆபரேஷனைத் தாங்கற சத்து உடம்புல இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் எழுதிக் கொடுத்தேன். குறைச்சலா வந்திருந்தா, நல்லா சாப்பிட வச்சு, மூணு வாரம் தள்ளிப் போட்டிருப்பேன்!"

"நல்லா வந்திருந்தா...?"

"இந்த முப்பத்துநாலை நான் நம்பியிருந்தா, வர்ற திங்கக்கிழமையே உங்க பொண்ணு வயித்துல கத்தி!"

ஹமீது அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரே நாள் குறித்துக் கொடுத்திருந்தார்!

"அத்தா... வயிறு என்னோடது. வேணாம்னா நான் சொல்லணும். நீங்க இல்லாத வீட்டுல முழு ஈரலோட நான் என்ன பண்ணப் போறேன்?"

ஹமீது வாய்விட்டு அழுதார். பிறகு தன் சொந்தக் கையை நிலோஃபரிடம் நீட்டினார்.

நாலு குத்து. ஐந்தாவதில்தான் ரத்தம் வந்தது.

செல்லதுரை தலையைச் சொறிந்தபடி டாக்டரை நெருங்கினார்.

"அய்யா... அந்த முப்பத்துநாலு என்னோடதுதானுங்களே? அதுல ஒரு காப்பி குடுங்க. தெனம் ஒரு குவாட்டர் போடறேன்... ஈரல் வெந்து போச்சுன்னு வீட்டுல காளியம்மா ஒரே சத்தம். காட்டணும்!"

"அது ஆள்மாறாட்டத்துக்கு எவிடன்ஸ், தர முடியாது!" என்றார் பிரகதீஸ்வரி. "வேணும்னா எஃப்.ஐ.ஆர். காப்பி தர்றேன்... அதைக் காட்டுங்க காளியம்மாகிட்ட!"