நாம பார்த்தோம்

கோர்ட்டுக் குறிப்பில் ‘நாங்கள் பார்த்தோம்’ என்றுதான் தட்டச்சாகியிருந்தது. வாக்குமூல ஒலிநாடாவில் சாட்சிக்காரர் சொன்னதோ, ‘நாம பார்த்தோம்’. பிறர் பேச்சைக் கேட்டு எழுதியே பிழைக்கிற இவளுக்குப் பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. ‘நாங்கள்’ என்றால் கேட்கிற ஆளுக்கு அதில் இடமில்லை. ‘நாம’ என்றால் கேட்கிற ஆளும் சேர்த்தி.

அதைவிட வேடிக்கை, அந்த மனிதர் கொலை நடந்தபோது, இவள் இப்போது வந்து தங்கியிருக்கும் இதே மாடி அறையில் தன்னந்தனியாகக் குடியிருந்தவர். எதிர்வீட்டுத் தையற்காரியின் கழுத்தை இவளுடைய அப்பா நெரித்ததை இந்த ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொன்னார். வழக்கு நிற்கவில்லை. கொன்றது யாரென்று கடைசிவரை தெரியவுமில்லை. ஆனால் ஊர்வாயை எந்தக் கோர்ட்டு மூடும்? அப்பா தலை நிமிராமலேயே போய்ச் சேர்ந்தார். இவளைக் கட்டிக்கொள்ளவும் ஒருவரும் வரவில்லை. சாட்சி பொய் என்று நிரூபித்துவிட்டால் போதும், அப்பாவுக்காக ஒருமுறை வாய்விட்டு அழலாம் என்றிருந்தாள்.

தம்பி போன் செய்தான்.

“இன்னும் அதையேதான் கேட்டுட்டிருக்கியாக்கா?”

“இங்கேருந்து பார்த்தா மூஞ்சியே தெரியலடா. செத்துப்போன அந்தாளு நல்லாப் புளுகியிருக்கான்.”

“சரி, விடு. நாங்க சாப்பிடப் போறோம். நீயும் சாப்பிட்டுப் படு.”

நாங்க. போனை வைத்த பிறகும் அந்தச் சொல் சுட்டது.

வெளிச்சம் மங்கி, சுவரின் ஈரவாடை மெல்ல எழும்பி, தெருவில் கடைசியாகப் போன சைக்கிளின் சங்கிலிச் சத்தமும் தேய்ந்து மறைந்த பிறகு, நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்டாள். ‘நாம பார்த்தோம்.’ தன்னையும் சேர்த்து யாராவது அப்படிச் சொல்லி எத்தனை காலமாயிற்று! வெறுக்க வேண்டிய குரல் அது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை ஓட்டினாள்.

நாடா தீர்ந்து, டக்கென்று நின்றது.

“நாம பார்த்தோம்ல?”

இயந்திரத்திலிருந்து அல்ல. காதருகே.

வருடக்கணக்காகப் பூட்டிக்கிடந்த எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. தையல் மெஷின் முன்னால் ஒரு பெண். அவள் பின்னால் ஓர் ஆண். இருட்டு அப்பிய தலை. முகம் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அவன் கைகள் அவள் கழுத்தைப் பற்றின.

இவள் தோளோடு ஒரு தோள் உரசி நின்றது. ஜில்லென்று. நெருக்கமாக.

“யாரும்மா அது?”

தெரியல என்று சொல்லலாம். சொன்னால் அந்தத் தோள் விலகிவிடும். பிறகு இந்த வீட்டில் இவள் மட்டும்.

“பார்த்தோம்,” என்றாள். “எங்கப்பாதான்.”

அந்தத் தலை மெல்லத் திரும்பியது. இப்போது அதற்கு முகம் இருந்தது. அப்பாவின் முகம். அழுதுகொண்டே இவளைப் பார்த்தது. கைகள் மட்டும் கழுத்தை விடவில்லை.