மிஞ்சிப்போன ஜன்னல்

மூன்றாவது ஸலாமுக்குப் பதில் வந்தது.

பெண் குரல். வயது சொல்ல முடியாத, மெதுவான குரல். "வஅலைக்கும் ஸலாம்" என்று ஓர் எழுத்தையும் விழுங்காமல், கதவுக்குப் பின்னாலேயே காத்துக்கொண்டு நின்ற மாதிரி உடனே சொன்னது.

அதைக் கேட்டதும் ரிஃபத்துக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகத் தன்னையே ஓங்கி அறைந்துகொள்ள வேண்டும் போலப் பிறகு இருந்தது. அப்போது அதற்குக் கை ஒழிவாக இல்லை.

துடியலூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருபது ஏக்கரில் அந்த மியூசியம். இடிக்கப்போன பழைய கட்டடங்களை அந்தந்த ஊரிலேயே கல் கல்லாகப் பிரித்து, லாரியில் ஏற்றி வந்து, இங்கே மறுபடி எழுப்பி வைத்திருந்தார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்று, ஓட்டுக் கூரை போட்ட தபாலாபீஸ் ஒன்று, நெசவுக்காரர் வீடு ஒன்று என்று வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமையாச்சே என்று ரிஃபத்தும் அவள் கணவன் ஷாஹுலும் ஆறு வயது மகள் ரம்ஷாவைக் கூட்டிக்கொண்டு கோட்டைமேட்டிலிருந்து காரில் வந்திருந்தார்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்குள் கேட்காமல் கொள்ளாமல் ஓடிப்போய் நின்றதற்காக ரம்ஷாவை உட்கார வைத்து ரிஃபத் பாடம் எடுத்திருந்தாள். யார் வீட்டு வாசலானாலும் ஓரமாக நிற்க வேண்டும், மூன்று தடவை ஸலாம் சொல்ல வேண்டும், பதில் வந்தால் உள்ளே போகலாம், வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. இன்றைக்குப் பார்த்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒதுங்கி நின்று மூன்று ஸலாம். பதில் வராத வீட்டுக்குள் நுழையவே மாட்டேன் என்று அடம். ஒவ்வொரு தடவையும் ஷாஹுல்தான் முன்னால் போய், குரலை மாற்றிப் பதில் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டான். "ஆளில்லாத ஊட்டுக்கெல்லாம் நான் ஒருத்தன் வாய் ஓய வேண்டியிருக்கு, நல்லா பாடம் எடுத்த போ" என்று ரிஃபத்தைச் சீண்டினான்.

இது கடைசி வீடு. சத்தியமங்கலம் பக்கத்துப் பண்ணை வீடு, மூன்று அறைகள் என்று பலகை சொன்னது. ஷாஹுல் அஸர் தொழுதுவிட்டுக் காரை மியூசியம் வாசல் பக்கம் கொண்டு வருவதாகச் சொல்லிப் போயிருந்தான். அதனால் பதில் வந்ததும் ரிஃபத் நிம்மதியாகிவிட்டாள். நம்ம ஆளுங்க யாரோ சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார்கள். ஸலாமுக்கு இவ்வளவு அழகாகப் பதில் சொல்கிற ஒரு பொம்பளையிடம் பிள்ளையை விடுவதற்கு என்ன யோசனை?

"உள்ள ஆன்ட்டி இருக்காங்க கண்ணு. ஓடாம போ, அம்மா செருப்பக் கழட்டிட்டு வாரேன்."

ரம்ஷா உள்ளே போனாள். ரிஃபத் படியில் உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, புதுச் செருப்பின் இறுகிப்போன வாரோடு மல்லுக்கட்டினாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், அதற்கு மேல் இல்லை.

உள்ளே அந்த வெயில் நேரத்திலும் குளிர்ந்திருந்தது. புதுச் சுண்ணாம்புப் பூச்சின் நெடியும், தேக்குத் தூண்களுக்குப் பூசிய எண்ணெயின் மணமும், அவற்றுக்கு அடியில் வெகு லேசாக, தலைக்குத் தேய்த்த விளக்கெண்ணெய் வாசமும் வந்தன. முற்றத்து வெளிச்சம் தரையில் சதுரமாக விழுந்து கிடந்தது. அதைச் சுற்றி நின்ற ஒவ்வொரு தூணிலும், உத்திரத்திலும், நிலையிலும், பிரித்து எடுத்தபோது போட்ட வெள்ளைப் பெயின்ட் நம்பர் பாதி அழிந்தும் அழியாமலும் தெரிந்தது. பெரிய கட்டடத்துக்குள் ஆள் இருந்தால் காலடியோ இருமலோ வளையல் சத்தமோ ஏதாவது ஒன்று கேட்கும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஓடுகளுக்கு இடையில் ஒரு புறா நகர்ந்தது. அவ்வளவுதான்.

"ரம்ஷா?"

முதல் அறையில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. உள்ளே ஒரு மரப்பெட்டி. இரண்டாவது அறையில் குதிர். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, சுவர்கள் மட்டும். ஒளிந்து விளையாடுகிறாளோ என்று குதிருக்குப் பின்னால் பார்த்தாள், பெட்டியைத் திறந்து பார்த்தாள். பதில் சொன்ன பொம்பளையும் இல்லை. முன்வாசல் வழியாக யாரும் போகவில்லை. படியில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

மறுபடி முற்றத்துக்கு ஓடி வந்தாள்.

"அம்மா."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. ரிஃபத் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். பின்புறம் வெறும் மண்தரை, கம்பிவேலி, அதற்கப்பால் சோளக்காடு. நீளமான வெள்ளைச் சுவர். சுவரின் கோடியில் அவள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சின்ன ஜன்னல், கதவில்லாமல், நாலு மரக்கம்பிகளோடு. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் இருட்டு. மேற்கே சாய்ந்த வெயில் நேராக அதன்மேல்தான் விழுந்தது. ஆனாலும் இருட்டு.

கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்தது.

ரம்ஷாவின் கை. கடித்துக் கடித்துக் குட்டையாகிப்போன நகங்கள். எப்போதும் போல ரிஃபத்தின் கட்டைவிரலை மட்டும் முழுக் கையால் பிடித்துக்கொண்டது. ரிஃபத் மற்ற நாலு விரல்களையும் அதன்மேல் மூடிக்கொண்டாள். உயிர் வந்த மாதிரி இருந்தது.

"எப்படிடா உள்ள போன? கதவு எங்கிருக்கு? அம்மா வாரேன்."

"இங்க கதவே இல்லம்மா."

"போன வழியிலயே வா கண்ணு."

"அதுவும் இல்லம்மா. விட்டுராதீங்க. நீங்க புடிச்சிருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாதாம்."

"யார் சொன்னா?"

"ஸலாம் சொன்னாங்கல்ல. அவங்க."

ரிஃபத் கம்பியோடு முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. விளக்கெண்ணெய் வாசம் மட்டும் மூக்கில் கனமாக ஏறியது. பிடித்திருந்த கை சீராக, லேசாக அசைந்துகொண்டே இருந்தது. ஒரு இழுப்பு, ஒரு தளர்வு. ஒரு இழுப்பு, ஒரு தளர்வு.

"ஏன் கண்ணு ஆடற?"

"என் தலைய பின்னி விடறாங்க."

காலையில் ரிஃபத் அவசரத்தில் பிள்ளையின் முடியை அப்படியே விரித்துவிட்டு ஒரு கிளிப் மட்டும்தான் குத்தியிருந்தாள்.

அவள் கத்தினாள். தொண்டை கிழிகிற மாதிரி ஷாஹுலைக் கூப்பிட்டாள். சோளக்காட்டிலிருந்து மயில்கள் பதிலுக்கு அகவின. வேலிக்கு அப்பால் தூரத்தில் புல் சுமந்துபோன ஒரு பெண் நின்று, இந்தப் பக்கம் பார்த்து, மயில்தான் என்று நினைத்தாளோ என்னவோ, நடந்துவிட்டாள். போன் கைப்பையில். கைப்பை முன்வாசல் படியில். முப்பது காலடி தூரம் இருக்கும். ஓடிப்போய் எடுத்து வந்துவிடலாம். பாழாய்ப்போன முப்பது காலடி.

"ஒரே நிமிஷம் கண்ணு, அம்மா போன எடுத்துட்டு..."

"வேண்டாம்மா! வேண்டாம்மா! வேண்டாம்மா!"

கை வெறி பிடித்த மாதிரி இறுக்கியது. அவள் போகவில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்து ஆட்டினாள், தேக்கு அசையவில்லை. காலடியில் கிடந்த கல்லைக் காலால் இழுத்து, குனிந்து எடுத்து, கம்பியில் அடித்தாள். கல் உடைந்தது. விரல் நசுங்கி ரத்தம் வந்தது. யா அல்லாஹ், என் பிள்ளையைக் குடுத்துரு. எனக்கு வேறெதுவும் வேண்டாம், இந்தப் பிள்ளையை மட்டும் குடுத்துரு.

மூடுகிற நேரத்து மணி எங்கேயோ அடித்தது. வெயில் சுவரைவிட்டு இறங்கிவிட்டது.

அவள், பயம் வந்தால் ஓதுகிற ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓத ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்து தூக்கத்தில்கூடத் தவறாமல் வருவது. பாதியில் மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில். நாக்கு புரளவில்லை.

உள்ளேயிருந்து அந்தப் பெண் குரல், அடுத்த வரியை ஒரு பிழையும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தது.

ரிஃபத் வாயை மூடிக்கொண்டாள்.

"அம்மா, முடியப்போகுது," என்றாள் ரம்ஷா.

"என்ன?"

"பின்னி முடியப்போகுது."

"தலைய ஆட்டு. ஆட்டிக்கிட்டே இரு. பின்ன விடாத."

"ஒரு சடை முடிஞ்சுதும்மா."

இழுப்பு. தளர்வு. இழுப்பு.

அப்புறம் நின்றது.

வீட்டின் பக்கவாட்டில் பேச்சுக் குரல்கள். டார்ச் வெளிச்சம். "ரிஃபத்!" என்றான் ஷாஹுல். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கையை விடவில்லை.

"இங்க! சீக்கிரம் வாங்க! பிள்ள உள்ள மாட்டிக்கிச்சு, சுவத்த இடிக்கச் சொல்லுங்க..."

முதலில் வந்தது காவலாளி கருப்புசாமி, காலையில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர். பின்னால் ஷாஹுல். அவன் தோளில் ரம்ஷா.

ரிஃபத் பார்த்தாள். மஞ்சள் கவுன். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ். அத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு. இரண்டு சடை, இழுத்து வாரிப் பின்னிய, எண்ணெயில் மினுமினுத்த இரண்டு சடை.

"எங்கெல்லாம் தேடறது உன்னைய?" ஷாஹுலுக்கு மூச்சு வாங்கியது. "போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற. இவ காருக்குள்ள பின்சீட்டுல தூங்கிட்டிருக்கா. இவள தனியா அனுப்பிட்டு இங்க நின்னு என்ன பண்ணிட்டிருக்க?"

"அது அவ இல்லீங்க." தன் குரலை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இவதான். என் கையப் புடிச்சிருக்கா, பாருங்க."

ஷாஹுல் அவள் கையைப் பார்த்தான். பிறகு கருப்புசாமியைப் பார்த்தான்.

"ஏனுங்க அம்மணி," என்றார் கருப்புசாமி, குழந்தையிடம் பேசுகிற மாதிரி. "கம்பியப் புடிச்சுட்டு நிக்கறீங்க. அதுக்குப் பின்னால ரூமே இல்லீங்க. சத்தியமங்கலத்துல ஊட்டப் பிரிக்கறப்ப நானும் கூட இருந்தனுங்க. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டுத்தான் எறக்குனோம். இங்க வந்து எல்லாத்தையும் கட்டி முடிச்சுப் பாத்தா, இந்த ஜன்னல் மட்டும் மிஞ்சிப்போச்சுங்க. இதுக்கு நம்பரும் இல்ல, எந்த ரூமுதுன்னு யாருக்கும் தெரியல. நல்ல தேக்காச்சேன்னு செவுத்துல சும்மா பதிச்சுப்போட்டோம்ங்க. அரையடி போனா செங்கல்லுதான்."

டார்ச்சைக் கம்பிக்குள் அடித்துக் காட்டினார். செங்கல் தெரிந்தது. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தது. ரிஃபத்தின் கையிலிருந்த கை மணிக்கட்டு வரை தெரிந்தது. அதற்கு மேல் செங்கல்.

"அம்மா," என்றது செங்கல்.

"உங்களுக்குக் கேக்கலயா? ரெண்டு பேருக்கும் கேக்கலயா?"

ஷாஹுலின் முகம் கலங்கிவிட்டது. "ரிஃபத், பயமா இருக்குடி. கையில ரத்தம் பாரு. வா, ஊட்டுக்குப் போலாம்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். எத்தனை நாளானாலும் இங்கேயே நிற்பாள். சோறு தண்ணி வேண்டாம். சுவரை இடிக்கிற ஒருத்தன் வருகிற வரைக்கும், இந்தக் கை சூடாக இருக்கிற வரைக்கும், நிற்பாள். அது தீர்மானமாகிவிட்டது. அந்தத் தீர்மானத்தில் கொஞ்சம் மூச்சுகூட வந்தது.

தோளில் இருந்த குழந்தை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. உதடு பிதுங்கியது.

"அம்மா, தூக்குங்க."

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, தூக்குங்கம்மா."

அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டி, அத்தாவின் தோளிலிருந்து எம்பி, பிடிமானமே இல்லாமல் அப்படியே அவளை நோக்கி விழுந்தது. ஷாஹுலின் பிடி நழுவியது. குழந்தையின் தலை கீழே, கல் கிடந்த தரையை நோக்கி.

ரிஃபத் பிடித்துவிட்டாள்.

ஆறு வருஷமாக விழப்போகிற பிள்ளையைப் பிடித்தே பழகின கைகள். கேட்கவில்லை, யோசிக்கவில்லை. இரண்டும் போய்ப் பிடித்துவிட்டன.

இரண்டும்.

குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கனமாக இருந்தது. கன்னம் சில்லென்று இருந்தது. விளக்கெண்ணெய் வாசம்.

"அவ்வளவுதான், அவ்வளவுதான், வா," என்று ஷாஹுல் அவள் தோளை அணைத்து நடத்தினான். அவன் அழுதுகொண்டிருந்தான். கருப்புசாமி முன்னால் டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு போனார்.

அவள் திரும்பினாள்.

"பாக்காதீங்கம்மா," என்றது குழந்தை அவள் காதுக்குள்.

கம்பிக்கு வெளியே அந்தச் சின்னக் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. கரண்ட் போன வீட்டில் பிள்ளைகள் தடவுகிற மாதிரி காற்றில் தடவியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். சுவரைத் தொட்டது, தட்டியது, கட்டைவிரல் உயரத்தில் எதையோ பிடித்துப் பிடித்துப் பார்த்தது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு உள்ளேயிருந்து யாரோ இழுக்க, கம்பியை ஒவ்வொரு விரலாகப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக விட்டுவிட்டு, உள்ளே போய்க்கொண்டிருந்தது.