ஏழு கிண்ணத் தண்ணீர்

டமால்!

குண்டு வெடித்தது போன்ற சத்தம் கேட்டு, லைன் வீடுகளில் இருந்த எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்துக்குத் திரும்பும் ரோட்டில், மண்ணுக்கு அடியில் போன பெரிய தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தது. தண்ணீர் தென்னை மர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. ஒரு ஆட்டோ நனைந்தது. ஒரு போலீஸ்காரர் நனைந்தார். சுமியும் அவள் தோழி கேசாங்கும் வேண்டுமென்றே போய் நனைந்தார்கள்.

அந்த ஆறு வீடுகளிலும் வெளியே வராத ஆள் ஒருவர்தான். அது சுமியின் அப்பா சுடலைக்கண்ணு.

அவர் கட்டடக் கொத்தனார். கழக்கூட்டத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு நாலு மாடிக் கட்டடத்தில், சாரத்திலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. அன்றிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். வாசலைத் தாண்டவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது.

சுமி சொட்டச் சொட்ட உள்ளே ஓடினாள். ரோட்டில் அருவி மாதிரி தண்ணீர் கொட்டுவதைச் சொன்னாள். ஊன்றுகோலை எடுத்துக் கட்டிலருகே வைத்தாள்.

"நீ பாத்தியா? அது போதும்," என்றார் அப்பா, சுவரிடம்.

முன்பெல்லாம் அப்பா இப்படி இல்லை. வேலையிலிருந்து வரும்போதே தெருமுனையில் அவர் சிரிப்பு கேட்கும். அந்த அப்பாவை எப்படியாவது வாசலுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும் என்று சுமி என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். பூனைக்குட்டியைக் கொண்டு வந்தாள். கேரம் போர்டு இரவல் வாங்கி வந்தாள். பூனைக்குட்டி அவர் மாவுக்கட்டின் மேல் தூங்கியதுதான் மிச்சம்.

கேசாங் அடுத்த அறையில் இருந்தாள். சுமியைப் போல அவளும் ஐந்தாம் வகுப்புதான். கொள்ளேகாலம் பக்கத்துக் காட்டோரத்தில் திபெத்தியர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பள்ளி விடுமுறைக்கு அம்மா டோல்கருடன் வந்திருந்தாள். இருவரும் பழவங்காடி நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றார்கள்.

"இந்த வெயிலுக்கு ஸ்வெட்டரை யாரு வாங்குவா?" என்று சுமி முதல் நாளே கேட்டிருந்தாள்.

"சபரிமலைக்குப் போறவங்க வாங்குவாங்க. மூணாறு போறவங்க வாங்குவாங்க. மத்தவங்க தொட்டுப் பாத்துட்டு வேர்க்குதுன்னு சொல்வாங்க," என்றாள் கேசாங். ஊர்ச் சந்தையில் காய்கறிக்காரர்களிடம் கற்றுக்கொண்ட தமிழ் அவளுடையது.

அவர்கள் அறையில் ஒரு பெட்டியின் மேல் துணி விரித்துப் புத்தர் படம் வைத்திருந்தார்கள். படத்தின் முன்னால் ஏழு பித்தளைக் கிண்ணங்கள். டோல்கர் தினமும் காலையில் மெல்லப் பாடிக்கொண்டே அவற்றில் தண்ணீர் ஊற்றுவார். சாயங்காலம் அதை எடுத்துக் கொல்லைப்புறப் பப்பாளி மரத்துக்கு ஊற்றிவிடுவார்கள்.

கேசாங்கின் அப்பா போன மழைக்காலத்தில்தான் இறந்து போயிருந்தார். அதனால் சுமிக்கு ஒரு சந்தேகம்.

"உங்க அம்மாவுக்கு சங்கடமே இல்லையா? காலையிலே பாடுதாங்களே?"

கேசாங் கொஞ்சம் யோசித்தாள். "இருக்கு. பாடறப்பவும் இருக்கு," என்றாள்.

குழாய் உடைந்த மறுநாள்தான் கஷ்டம் தெரிந்தது. ஊரில் பாதிக்குத் தண்ணீர் இல்லை. காலையில் மிச்சமிருந்த தண்ணீரில் சோறு பொங்கி வைத்துவிட்டு, சுமியின் அம்மா மாடம்மாள் ஓட்டல் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். வரும்போது ஒரு குடம் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். மற்றவர்களும் வேலைக்கோ தண்ணீர் தேடியோ போய்விட்டார்கள்.

மதியம் அப்பா முனகினார். வலி மாத்திரை கையில் இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"மக்களே, ஒரு வாய் தண்ணி." மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

சுமி பானையைச் சாய்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. மற்ற ஐந்து வீட்டு வாசலுக்கும் ஓடினாள். நாலில் பூட்டுத் தொங்கியது. கேசாங்கின் கதவில் மட்டும் வெறும் கொக்கி. உள்ளே ஏழு கிண்ணங்களும் பளபளவென்று நின்றன.

சாமிக்கு வைத்ததை எடுக்கக் கூடாது என்று சுமிக்குத் தெரியும். அப்பாவின் உதடும் நினைவுக்கு வந்தது. ஏழையும் ஒரு செம்பில் கவிழ்த்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தார். தண்ணீர் ஏது என்று கேட்டார். பக்கத்து வீட்டில் என்றாள். அது பொய் இல்லை. ஆனாலும் ஒரு பயம். சாமி கோபித்துக்கொண்டு அப்பா காலைச் சரியாக்காமல் விட்டுவிட்டால்?

மூன்று மணிக்குத் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. சுமி சின்னக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். பெரியவர்களின் கால்களுக்கு நடுவே நுழைந்து அரைக் குடம் பிடித்தாள். ஜடை அவிழ்ந்தது, செருப்பில் ஒன்று காணாமல் போனது. வீட்டுப் பானையில்கூட ஊற்றாமல் நேரே கேசாங்கின் அறைக்குப் போய், ஏழு கிண்ணங்களையும் தளும்பத் தளும்ப நிரப்பினாள்.

சாயங்காலம் கேசாங்கும் டோல்கரும் வந்தார்கள். கிண்ணங்களை எடுக்கப் போன டோல்கர் அப்படியே நின்றார். மகளிடம் ஏதோ கேட்டார். கேசாங் சுவர் வழியாகவே சுமியைக் கூப்பிட்டாள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று வாசல் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனாள் சுமி. உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஒரே மூச்சில்.

கேசாங் அதை அவர்கள் மொழியில் அம்மாவுக்குச் சொன்னாள். டோல்கர் சுருக்கமாக ஒன்று கேட்டார்.

"அப்பாவுக்கு வலி கொறஞ்சிதான்னு அம்மா கேக்கறாங்க," என்றாள் கேசாங்.

சுமிக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்சம் குறைந்தது என்று தலையை ஆட்டினாள்.

"சாமி கோவிக்காதா?"

"புத்தருக்குத் தாகம் இல்ல. குடுத்துக் குடுத்துப் பழகறது நாமதான். தினமும் பப்பாளி குடிக்கும். இன்னிக்கு உங்க அப்பா பப்பாளி," என்றாள் கேசாங்.

சுமி அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது.

"நான் எடுத்தேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

கேசாங் கிண்ணத்தைக் காட்டினாள். விரிப்புத் துணி நனைந்திருந்தது. "நாங்க விளிம்புக்குக் கீழ ஒரு அரிசி உயரம் இடம் விடுவோம். நீ வழியவெச்சிருக்கே."

"குறைச்சு வச்சா எங்க அம்மை திட்டுவா," என்றாள் சுமி. கேசாங் சொல்ல, அதைக் கேட்டு டோல்கர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு பழைய துணியால் சுமியின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்திருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அப்பா எங்கே என்று கேட்டார். சுமி சொன்னாள். அன்று அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஓமனா சேச்சியின் குரல் எல்லோரையும் எழுப்பியது. கடைசி வீட்டில் இருக்கும் அவர், குழாயில் தண்ணீர் வருவதாகச் சொன்னார். வந்தது, நூல் மாதிரி. குழாயைச் சரி செய்துவிட்டார்களாம், வேகம் வர இரண்டு நாள் ஆகுமாம்.

ஆறு வீட்டுக்கும் பொதுவாக அந்த ஒரு குழாய். பதினாலு குடங்கள் வரிசையில் நின்றன. ஒரு குடம் நிறைய இருபத்தைந்து நிமிடம். யாராவது ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை உட்கார வேண்டும். மாடம்மாளுக்கு ஆறு மணி பஸ். டோல்கருக்கு நடைபாதையில் இடம் போய்விடும். ஓமனா சேச்சி தையல் கடை திறக்க வேண்டும். யார் உட்காருவது என்ற பேச்சு சண்டையாக மாறத் தொடங்கியது.

"நமக்கெல்லாம் உக்கார எங்க நேரம்?" என்று மாடம்மாள் அலுத்துக்கொண்டாள்.

சுமிக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"எங்க அப்பா இருக்காங்கல்லா," என்றாள்.

மாடம்மாள் மகளின் கையைக் கிள்ளினாள். சுமி விடவில்லை. கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"நம்ம லைன்ல உக்காரத் தெரிஞ்ச ஒரே ஆளு எங்க அப்பாதான்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. டக், டக் என்று ஊன்றுகோல் ஊன்றும் சத்தம். கொஞ்ச நேரம் நின்றது. மறுபடியும் டக், டக். வாசலில் சுடலைக்கண்ணு நின்றார். இருபத்து நாலு நாள் தாடி. வெளிச்சத்துக்குக் கண் கூசியது.

"எந்தக் குடம் முதல்ல?" என்றார்.

ஓமனா சேச்சி முக்காலியைக் கொண்டு வந்து போட்டார். டோல்கர் ஒரு ஸ்வெட்டர் மூட்டையை மாவுக்கட்டுக்கு அடியில் வைத்தார். திருவனந்தபுரத்தில் ஸ்வெட்டர் அன்றைக்குத்தான் நல்ல உபயோகப்பட்டது. பெண்கள் குடங்களை அவரைச் சுற்றி அரை வட்டமாக அடுக்கிவிட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். நிறைந்ததை நகர்த்திக் காலியை வைப்பது சுமியின் வேலை.

எட்டு மணிக்குள் அப்பா வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தார். ஒன்பது மணிக்கு, வரிசையில் நுழையப் பார்த்த பக்கத்துத் தெருக்காரரைக் கிண்டல் பண்ணித் திருப்பி அனுப்பினார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே போனார். தெருமுனை வரை கேட்கும் அந்தப் பழைய சிரிப்பை அப்பாவும் சிரித்தார். சுமி குடத்தை நகர்த்துவதை மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்குப் போன ஓமனா சேச்சி, கத்தரிக்கோலை எடுக்கத் திரும்பி வந்தார். சுமியின் அப்பாவை அப்படிப் பார்த்ததும் நின்று, கால் வலி போய்விட்டதா என்று மலையாளத்தில் கேட்டார்.

"காலு வேதனை மாறியோ, சேட்டா?"

சுடலைக்கண்ணு ரப்பர் குழாயைத் தூக்கிப் பிடித்தார்.

"வேதனை இருக்கு சேச்சி, தண்ணியும் வருது. மக்களே, அடுத்த குடத்த வை."